நிழற்படத் திருத்தம்: தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியவை

தைப்பூசம் முடிந்த மறுநாள், பினாங்குத் தமிழர்களின் கைப்பேசிகளில் வெள்ளி இரதமும் உடைபடும் தேங்காய்களும் தண்ணீர்மலை ஏறும் காவடிகளும் படங்களாகக் குவிந்திருக்கும். அவற்றுள் பெரும்பாலானவை தானியங்கித் திருத்தம் என்னும் ஒற்றைப் பொத்தானின் வழியாகப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களுக்குப் போய்ச் சேர்கின்றன. படம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் காவடி எடுத்தவரின் முகம் சாம்பல் நிறமாக வெளிறிப்போகிறது, மயிலிறகின் நீலம் கண்ணைக் குத்துகிறது, பின்னால் இருந்த மேகங்கள் காணாமல் போகின்றன. இவை ஏன் நேர்கின்றன, இவற்றுள் எதைச் சரிசெய்ய முடியும், எதை எவராலும் சரிசெய்ய முடியாது என்பதைப் புரிந்துகொள்வதே படத்திருத்தக் கல்வியின் தொடக்கம். எந்த மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

டிஜிட்டல் படம் என்பது எண்களால் நிரம்பிய ஒரு கட்டம். அதன் ஒவ்வொரு சிறு புள்ளியும் ஒரு பிக்சல். 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு கைப்பேசிப் படத்தில் 12 மில்லியன் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்களைத் தாங்கியிருக்கிறது. நாம் அன்றாடம் கையாளும் ஜேபெக் கோப்பில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் முழுக் கறுப்பு, மூன்றும் 255 என்றால் முழு வெள்ளை, மூன்றும் சமமாக நடுவில் இருந்தால் சாம்பல். சிவப்பு 230, பச்சை 180, நீலம் 40 என்று இருந்தால் அது ஏறத்தாழ மஞ்சள் வேட்டியின் நிறம். இப்படி அமையக்கூடிய நிறங்கள் மொத்தம் 16.7 மில்லியனுக்கும் மேல்.

இதைப் புரிந்துகொண்டவருக்கு மென்பொருள்களில் உள்ள கருவிகளின் பெயர்கள் அச்சமூட்டமாட்டா. ஒளிர்வைக் கூட்டினால் எல்லா எண்களும் உயர்கின்றன. நிறச்செறிவைக் கூட்டினால் ஒரு பிக்சலின் மூன்று எண்களுக்கும் இடையிலான இடைவெளி அகலுகிறது. முழுவதும் குறைத்தால் மூன்றும் சமமாகிப் படம் கறுப்பு வெள்ளையாகிறது. வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியச் செய்யும் வெண்சமநிலையை மாற்றினால் சிவப்பு எண்களுக்கும் நீல எண்களுக்கும் இடையிலான விகிதம் மாறுகிறது. ஓரங்களை வெட்டினால் கட்டத்தின் ஒரு பகுதி நீக்கப்படுகிறது. தழும்பை மறைக்கும் தூரிகைகூட ஓரிடத்து எண்களை எடுத்து வேறோர் இடத்தில் வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே, கோப்பில் என்னென்ன எண்கள் இருக்கின்றன, எவை ஏற்கெனவே தொலைந்துவிட்டன என்று பார்க்கத் தெரிவதுதான் முதல் திறன்.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் சற்றுப் பார்த்துவிடலாம். கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. விழும் ஒளியின் அளவு மட்டுமே தெரியும். எனவே ஒவ்வோர் உணர்புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்த, 1976இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், மீதி சரிபாதியாகச் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. மனிதக் கண் பச்சையொளியின் நுணுக்கத்தை அதிகம் உணர்வதே அதற்குக் காரணம். ஒவ்வொரு புள்ளியிலும் அளக்கப்படாத மற்ற இரண்டு நிறங்களைக் கேமரா அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணித்துக்கொள்கிறது. இன்றைய கைப்பேசிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, பொத்தானை அழுத்தும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, இருளைத் தூக்கி, விளிம்புகளைக் கூர்மையாக்கி நமக்குத் தருகின்றன. ஆகவே கைப்பேசிப் படத்தைத் திருத்துகிறவர், ஏற்கெனவே ஒருமுறை திருத்தப்பட்ட படத்தையே மறுபடியும் திருத்துகிறார். கைப்பேசியில் கூர்மையையும் செறிவையும் சிறிதளவு கூட்டினாலே படம் செயற்கையாகத் தெரிவதற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

ஒளியின் கணக்கைப் படித்தல்

எந்தத் திருத்தமென்பொருளைத் திறந்தாலும், மலைமுகடுகளைப் போன்ற ஒரு சிறிய வரைபடம் ஒரு மூலையில் இருக்கும். தொடங்குவோர் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஹிஸ்டோகிராம் எனப்படும் அந்த வரைபடத்தின் இடது ஓரம் 0, வலது ஓரம் 255. ஒவ்வோர் ஒளியளவிலும் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்பதை உயரம் காட்டுகிறது. நம் கண் திரையின் வெளிச்சத்துக்கும் அறையின் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால், எளிதில் ஏமாந்துபோகும். இந்த வரைபடம் ஏமாறாது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். காலை ஒன்பது மணியளவில், தண்ணீர்மலைப் படிகளின் கீழிருந்து மேல்நோக்கி, காவடி எடுத்து வரும் ஒருவரைப் படமெடுத்திருக்கிறோம். பின்னணியில் வெளிறிய வானம், முகம் நிழலில். ஹிஸ்டோகிராமில் இரண்டு குவியல்கள் தெரிகின்றன: இடப்பக்கத்தில் முகமும் உடலும் காவடியின் உட்புறமும், வலப்பக்கத்தில் வானம். நடுவில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. வலப்பக்கக் குவியல் ஓரத்தைத் தொடாமல் இறங்கியிருந்தால், வானத்தில் மேகங்களின் விவரம் இருக்கிறது. இப்போது தெரியாவிட்டாலும் ஒளியைக் குறைத்தால் வெளிப்படும். குவியல் ஓரச் சுவரில் முட்டி நின்றால், அந்தப் பிக்சல்கள் எல்லாம் 255, 255, 255 என்று ஒரே எண்ணாகிவிட்டன என்று பொருள். அவற்றை 230க்கு இறக்கினாலும் கிடைப்பது ஒரே சீரான சாம்பல் பரப்புத்தான்; மேகம் திரும்பி வராது.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். வலது ஓரத்தைத் தொடும் எல்லாப் பிக்சல்களும் இழப்பு ஆகிவிடா. வெள்ளி இரதத்தின் விளிம்பில் மின்விளக்கு பட்டுத் தெறிக்கும் ஒளிப்பொட்டு 255ஆக இருப்பதே இயல்பு. அதை இறக்கினால் வெள்ளி ஈயமாகத் தெரியும். முகத்தின் நெற்றியோ, வெள்ளை வேட்டியின் மடிப்போ, வானமோ ஓரத்தில் முட்டினால்தான் கவலைப்படவேண்டும். எது விவரம் இருக்கவேண்டிய வெண்மை, எது வெறும் மினுக்கம் என்று பிரித்தறிவது மனிதரின் வேலை. தானியங்கிப் பொத்தான் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

நம் படத்தில் வானம் தப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி முகத்தைத் தூக்கவேண்டும். ஒட்டுமொத்த ஒளியளவைக் கூட்டினால் முகம் தெளியும், ஆனால் வானம் ஓரத்தில் முட்டிவிடும். எனவே நிழற்பகுதியை மட்டும் உயர்த்தும் இழுப்பானை (ஸ்லைடர்) பயன்படுத்துகிறோம். இதற்கும் எல்லை உண்டு. ஒரு பிடி அரிசியைச் சிறு தட்டிலிருந்து பெரிய முறத்துக்கு மாற்றிப் பரப்பினால் இடம் நிரம்பும், அரிசி கூடாது. இடையிடையே முறத்தின் அடி தெரியும். அதுபோலவே, 10க்கும் 30க்கும் இடையில் நெருங்கியிருந்த முகத்தின் எண்களை 40க்கும் 120க்கும் இடையில் பரப்பினால், இருபது படிகளே எண்பது படிகளின் இடத்தில் நிற்கவேண்டியிருக்கும். கன்னத்தின் வளைவு சீராக மங்காமல் பட்டை பட்டையாகத் தெரியும். உணரியின் மின்னிரைச்சல் புள்ளிகளாக எழும்.

தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள், உணரி அளந்த எண்களை அப்படியே சேமிக்கும் ரா வடிவத்தில் படமெடுப்பதற்கான காரணம் இதில் அடங்கியிருக்கிறது. ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளைத் தரும்போது, 14 பிட் ரா கோப்பு 16,384 படிகளைத் தருகிறது. ஆனால் அந்தப் படிகள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. உணரி ஒளியை நேர்விகிதத்தில் அளப்பதால், ஒளி பாதியாகும்போதெல்லாம் எண்ணும் பாதியாகிறது. மிக வெளிச்சமான ஒரு படிநிலைக்கே, அதாவது ஒளி உச்சத்திலிருந்து பாதியாகும் வரையிலான இடைவெளிக்கே, 8,192 எண்கள் செலவாகிவிடுகின்றன, அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. ஆழ்ந்த நிழலுக்கு மிஞ்சுவது மிகச் சிலவே. எனவே ரா கோப்பில்கூட, வெளிச்சப் பகுதி ஓரத்தில் முட்டாத அளவுக்கு எவ்வளவு ஒளியை ஏற்கமுடியுமோ அவ்வளவையும் ஏற்றுப் படமெடுப்பதே நிழலுக்கு நன்மை. பல கைப்பேசிகளிலும் இன்று ரா வசதி இருக்கிறது. தைப்பூசம் போன்ற நாள்களில் அதை இயக்கிவைப்பது பயன் தரும்.

ஒளியைச் சீர்செய்யும் கருவிகளுள் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுவது கர்வ்ஸ் எனப்படும் வளைகோடு. கிடைமட்டத்தில் உள்ளே வரும் எண், செங்குத்தில் வெளியேறும் எண். தொடக்கத்தில் அது ஒரு சாய்ந்த நேர்க்கோடு, அதாவது எதுவும் மாறவில்லை. கோட்டின் நடுவைப் பிடித்து மேலே தூக்கினால் நடுத்தர ஒளி உயரும், இரு முனைகளும் அப்படியே நிற்கும். நிழற்பகுதியைச் சற்று இறக்கி வெளிச்சப் பகுதியைச் சற்று உயர்த்தினால், கோட்டின் நடுப்பகுதி செங்குத்தாகி ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான மாறுபாடு கூடுகிறது. செங்குத்தாகும் இடத்தில் விவரம் துலங்கும், படுத்துக்கொள்ளும் இடத்தில் விவரம் மங்கும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றைப் பெறமுடியும். இந்தக் கொடுக்கல் வாங்கலை அந்தக் கோடு கண்ணெதிரே காட்டிவிடுவதால், கர்வ்ஸைப் பழகியவருக்கு மற்ற இழுப்பான்கள் எல்லாம் அதன் சுருக்கங்களாகவே தெரியும்.

நிறமும் தோலும்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அலகில் சொல்வார்கள். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். பழைய குண்டு பல்பு 2700 முதல் 3000 வரை. எண்ணெய் விளக்கின் சுடர் 2000 கெல்வினுக்கு அருகில். எண் குறையக் குறைய ஒளி செம்மஞ்சளாகிறது. நம் மூளை இந்த வேறுபாட்டைத் தானாகவே கழித்துவிடுவதால், விளக்கொளியிலும் வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கேமரா அதைக் கணிக்கவேண்டியிருக்கிறது. அடிக்கடி தவறாகக் கணிக்கிறது.

திருத்தும்போது, படத்தில் நிறமற்றதாக இருக்கவேண்டிய ஒன்றைக் காட்டினால் மென்பொருள் மற்றவற்றைச் சரிசெய்துகொள்ளும். பலர் வெள்ளை வேட்டியைக் காட்டுவார்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டியும், வெண்மையூட்டி கலந்த சோப்புத்தூளில் துவைத்த வேட்டியும் உண்மையில் சிறிது நீலச்சாயல் கொண்டவை. அவற்றை அளவுகோலாக்கினால் முகங்கள் மஞ்சளாகிவிடும். சிமெண்டுத் தூணோ, கருங்கல் படியோ, எவர்சில்வர் பாத்திரத்தின் மங்கிய பகுதியோ அதைவிட நம்பத்தக்கது. பினாங்கின் லெபோ குவீன் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் போன்ற பழைய கோயில்களுக்குள் படமெடுத்தால் இன்னொரு சிக்கலும் சேரும்: வாசல்வழியே பகலொளி, கூரையில் மின்குழல், கருவறையில் தீபம் என்று மூன்று நிறங்களில் ஒளி ஒரே படத்தில் கலந்திருக்கும். மூன்றையும் ஒருசேர வெண்மையாக்க எந்த ஒற்றை இழுப்பானாலும் முடியாது. முகம் எந்த ஒளியில் இருக்கிறதோ அதற்குச் சரிசெய்து, தீபத்தின் பக்கத்தைச் செம்மஞ்சளாகவே விட்டுவிடுவது என் பரிந்துரை. தீபாராதனையின் ஒளியை வெள்ளையாக்கிவிட்டால் அந்தப் படத்தை எடுத்ததற்கே பொருளில்லாமல் போய்விடும்.

தோலின் நிறத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கேமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவரின் முன்னே கறுத்த மேனியர் ஒருவர் நின்றால், சுவரின் வெளிச்சத்தைக் கண்டு கேமரா ஒளியைக் குறைக்கிறது. முகம் விவரமற்ற இருளாகிறது. அதன் பிறகு வரும் தானியங்கித் திருத்தம் அந்த முகத்தைப் பலவந்தமாகத் தூக்கும்போது, மூன்று எண்களும் ஒன்றையொன்று நெருங்கி நிறச்செறிவு விழுகிறது. தொடக்கத்தில் சொன்ன சாம்பல் முகம் உருவாவது இவ்வாறுதான். ஒளியை உயர்த்திய பிறகு, சிவப்பும் மஞ்சளும் சார்ந்த வண்ணங்களின் செறிவை மட்டும் சிறிது மீட்டுக்கொடுத்து, நிழல்பக்கம் நிழலாகவே இருக்க விட்டால் முகத்துக்கு உயிர் திரும்பும். கறுத்த தோலின் அழகு, அதன்மேல் விழும் ஒளியின் மினுக்கத்துக்கும் நிழலின் ஆழத்துக்கும் இடையிலான வேறுபாட்டில் இருக்கிறது. இரண்டையும் சமமாக்கினால் அது அழிந்துபோகிறது.

இந்தக் குறைபாடு புதிதன்று. படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய, நிறம் சரிபார்ப்பதற்கான மாதிரிப் படங்களாகிய ஷெர்லி அட்டைகளில் பல்லாண்டுகளாக வெள்ளைத் தோல் கொண்ட பெண்களே இருந்தார்கள். நிறங்கள் அவர்களுக்கேற்பவே சரிபார்க்கப்பட்டன. அண்மைக் காலத்தில் நிலை மாறிவருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்துப் படிகள் கொண்ட தோல்நிற அளவுகோலைக் கூகல் 2022இல் வெளியிட்டது. ஆயினும் திருமணப் படங்களைத் திருத்துகிறவர்களிடம் "பொண்ணைக் கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க, தம்பி" என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. நான் அதைச் செய்வதில்லை. பிறருக்கும் செய்யவேண்டாம் என்றே சொல்வேன். மணப்பெண்ணின் முகத்தில் ஒளியை அழகாக அமைத்துத் தருவது திருத்துநரின் கடமை. அவரை வேறொருவராக மாற்றுவது அந்தக் கடமையில் சேராது. இதற்கு நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு: முகத்தை மட்டும் வெளுத்தால் கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நின்று, செய்த வேலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முகத்தில் எதை நீக்கலாம் என்பதற்குத் திருத்துநர்களிடையே வழங்கும் ஒரு வரையறை எனக்கு ஏற்புடையது. இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடிய பரு, கொசுக்கடி, சவரக் கீறல் போன்றவற்றை நீக்கலாம். மச்சம், பழைய தழும்பு, சிரிப்பில் விழும் கோடு ஆகியவை அவருக்கே உரியவை. தோலை மெழுகுபோல் மழுக்கும் அழகூட்டி வடிகட்டிகள், நுண்துளைகளையும் மெல்லிய மயிரையும் சேர்த்து அழிப்பதால்தான் முகம் பொம்மையாகத் தெரிகிறது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அதை முற்றும் அழிக்காமல், அந்தத் திருத்தத்தின் அடர்வைப் பாதியாகக் குறைத்து வைத்தால் இயல்பு கெடாது.

அடுக்குகள்: மூலத்தைத் தொடாமல் வேலைசெய்தல்

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோது அதில் அடுக்குகள் இல்லை. செய்த திருத்தம் படத்தோடு கலந்துவிடும். 1994இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அடுக்குகள் சேர்ந்தன. இன்று ஜிம்ப் போன்ற இலவச மென்பொருள்களிலும் அவை உண்டு. மூலப்படம் அடியில் இருக்கும். ஒவ்வொரு திருத்தமும் அதன்மேல் தனித்தனி அடுக்காக அமரும். பிடிக்காத அடுக்கை அணைத்துவிட்டால் மூலம் அப்படியே இருக்கும்.

அடுக்கோடு சேர்த்துக் கற்கவேண்டியது முகமூடி. ஓர் அடுக்கின் விளைவு படத்தின் எந்தப் பகுதியில் தெரியவேண்டும் என்பதை அது முடிவுசெய்கிறது: வெள்ளை தீட்டிய இடத்தில் விளைவு முழுமையாகத் தெரியும், கறுப்பு தீட்டிய இடத்தில் மறையும், சாம்பல் தீட்டிய இடத்தில் பாதி தெரியும். காவடிப் படத்தில் முகத்தைத் தூக்க ஒரு கர்வ்ஸ் அடுக்கைப் போட்டு, அதன் முகமூடியை முழுவதும் கறுப்பாக்கிவிட்டு, விளிம்பு மென்மையான தூரிகையால் முகத்தின்மேல் மட்டும் வெள்ளையைத் தீட்டினால் போதும், வானம் அசையாது. அழிப்பானால் அழித்ததை மீட்கமுடியாது. முகமூடியில் கறுப்பாக்கியதை மறுபடி வெள்ளையாக்கினால் திரும்பிவிடும். அழிப்பானைத் தொடாமலேயே பழகுங்கள் என்று தொடங்குவோரிடம் நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பழைய படத்தைச் செப்பனிடுதல்

தோட்டப்புற வாழ்க்கையிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்களில், தாத்தா பாட்டியின் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் மிஞ்சியிருப்பதைக் காணலாம். நம் ஊரின் ஈரக்காற்றில் பூஞ்சை படிந்து, மஞ்சளேறி, சில சமயம் சட்டகத்தின் கண்ணாடியோடே ஒட்டிப்போயிருக்கும். ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது. படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே வருடியில் (ஸ்கேனர்) வைத்துப் படியெடுப்பது பாதுகாப்பானது.

படியெடுக்கும்போது இரண்டு முடிவுகள் முக்கியம். முதலாவது, நுணுக்கம். 3 அங்குல அகலமும் 2 அங்குல உயரமும் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் படியெடுத்தால் 1800க்கு 1200 பிக்சல் கிடைக்கும். அச்சிடுவதற்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால், படக்கடைகளில் 4ஆர் என்று சொல்லும் 6க்கு 4 அங்குல அளவுக்கு அது சரியாகப் பொருந்தும். இன்னும் பெரிதாக வேண்டுமானால் 1200 புள்ளிகளில் எடுக்கலாம். இரண்டாவது, கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ண முறையிலேயே படியெடுக்கவேண்டும். மஞ்சள் கறை நீல ஒளியை உறிஞ்சுவதால், நீல எண்களில் அது கரும்புள்ளியாகத் தெரியும். சிவப்பு எண்களிலோ பெரும்பாலும் மறைந்தே போகும். எனவே மூன்று நிறங்களையும் பிரித்துப் பார்த்து, சிவப்பை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால், மணிக்கணக்கில் தூரிகையால் துடைக்கவேண்டிய கறையில் பெரும்பகுதி ஒரே நொடியில் போய்விடும். நேரே கறுப்பு வெள்ளையாகப் படியெடுத்தவருக்கு இந்த வாய்ப்பு கிடைக்காது.

கீறல்களுக்கு இரண்டு தூரிகைகள் உண்டு. குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்து எண்களை அப்படியே படியெடுத்து வேறிடத்தில் பதிக்கும். ஃபோட்டோஷாப்பில் 2002இல் வந்த ஹீலிங் பிரஷ் மூல இடத்திலிருந்து இழையமைப்பை மட்டும் எடுத்து, ஒளியையும் நிறத்தையும் புதிய இடத்தின் சுற்றுப்புறத்துக்கேற்பக் கலந்துகொள்ளும். பாட்டியின் படத்தில், தோளிலிருந்து மடிவரை ஒரு கீறல் குறுக்கே ஓடுகிறது என்று கொள்வோம். சேலையின் வெற்றுப் பரப்பில் ஹீலிங் பிரஷ் அதைத் தடயமின்றி மூடிவிடும். ஆனால் கீறல் கரையைக் கடக்கும் இடத்தில் அதே தூரிகையைப் பயன்படுத்தினால், கரையின் கறுப்பும் சேலை உடலின் வெண்மையும் ஒன்றோடொன்று கலந்து ஒரு மங்கிய பொட்டு விழும். அங்கே குளோன் ஸ்டாம்பை எடுத்து, அதே கரையில் சற்று மேலே, கோடு அதே சாய்வில் செல்லும் இடத்தை மூலமாகக் காட்டி, கரைக்கோட்டின் மேலேயே சிறு தூரிகையால் பதிக்கவேண்டும். பெரிய தூரிகையால் ஒரே இழுப்பில் முடிப்பதைவிட, சிறு தூரிகையால் மூலத்தை அடிக்கடி மாற்றித் தொட்டுத் தொட்டுப் போவதே ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைத் தவிர்க்கும். இவை எல்லாவற்றையும் வெற்று அடுக்கு ஒன்றில் செய்யவேண்டும். படியெடுத்த மூலத்தின்மேல் நேரே செய்யக்கூடாது.

முகத்தில் ஒரு கண்ணோ வாயின் ஓரமோ பூஞ்சையால் அழிந்திருந்தால் என்ன செய்வது? இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அந்த இடத்தைச் சில நொடிகளில் நிரப்பிவிடும். விளைவு திகைக்கவைக்கும் அளவுக்குத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கண் பாட்டியின் கண் அன்று. எண்ணற்ற பிற முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணிப்பு, அங்கே ஒரு கண் இருந்தால் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று வரைந்து வைத்தது. பாட்டியை நேரில் கண்டவர்கள் மறைந்த பிறகு, வரும் தலைமுறை அந்தக் கண்ணையே அவருடையது என்று நம்பிவிடும். பூஜையறையில் மாட்ட அப்படி ஒரு படம் வேண்டும் என்று குடும்பம் விரும்பினால் செய்துகொடுக்கலாம். ஆனால் கருவியால் நிரப்பப்பட்டது என்று கோப்பின் பெயரிலேயே குறித்து, திருத்தாத படியைத் தனியே பாதுகாத்து வைக்கவேண்டும்.

சேமித்தலும் அச்சிடுதலும்

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக், படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கைவிட்டுக் கோப்பைச் சிறிதாக்குகிறது. திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கைவிடல் நிகழும். எனவே வேலை நடக்கும் கோப்பை மென்பொருளின் சொந்த வடிவத்திலோ, விவரத்தை இழக்காமல் சேமிக்கும் டிஃப் வடிவத்திலோ வைத்திருந்து, பிறருக்குக் கொடுக்கும் பிரதியை மட்டும் ஜேபெக்காக எடுக்கவேண்டும். புலனம் வழியாக அனுப்பினால் படத்தின் அளவு குறைக்கப்பட்டு மீண்டும் சுருக்கப்படும். அச்சிடுவதற்கான கோப்பாக இருந்தால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலம் மாறாமல் போய்ச் சேரும். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கும் என்று வரையறுக்கும் நிறவெளி எஸ்ஆர்ஜிபியாக (sRGB) இருக்கட்டும். இணையமும் சாதாரணப் படக்கடைகளும் அதையே எதிர்பார்க்கின்றன. கூர்மையாக்குவதை, இறுதி அளவுக்குக் குறைத்த பிறகு கடைசி வேலையாகச் செய்யவேண்டும்.

மென்பொருளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் விடை சுருக்கமானது. கைப்பேசியில் ஸ்நாப்சீட், கணினியில் ஜிம்ப், ரா கோப்புகளுக்கு டார்க்டேபிள். மூன்றும் இலவசம், மேலே சொன்ன அனைத்தையும் பயில இவையே போதும். மாதந்தோறும் ரிங்கிட் கட்டி ஃபோட்டோஷாப் வாங்குவதைத் தொழிலாகச் செய்யத் தொடங்கும்வரை தள்ளிப்போடலாம்.

திரையில் சரியாகத் தெரிந்த படம் அச்சில் இருண்டு வருவது பலருக்கும் நேர்வது. பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சம் உச்சத்தில் இருப்பதே. அந்த வெளிச்சத்தில் பார்த்துத் திருத்தியவர், படத்தை வேண்டிய அளவைவிட இருட்டாகவே விட்டிருப்பார். வெள்ளைத்தாள் ஒன்றைத் திரைக்கருகே பிடித்து, இரண்டின் வெண்மையும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, அதன் பிறகு ஹிஸ்டோகிராமையும் ஒருமுறை பார்த்துவிட்டு வேலையை முடிக்கவேண்டும். படக்கடையில் கொடுக்கும்போது, அச்சு இயந்திரத்தின் தானியங்கி நிறத்திருத்தத்தை அணைத்துவிடும்படி கேட்டுக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் கவனமாக மீட்ட முகநிறத்தை அந்த இயந்திரம் தன் கணக்குப்படி மறுபடியும் மாற்றிவிடும். பெரிய அளவுக்குப் போகுமுன் 4ஆர் அளவில் ஒரே ஒரு பிரதியை எடுத்து, கடையின் மின்குழல் வெளிச்சத்தில் பார்த்து முடிவுசெய்யாமல், வாசலுக்கு வந்து பகலொளியில் பார்த்த பிறகு மற்றவற்றுக்குச் சொல்லலாம்.